போகலாம் என்று சொன்னேன்

"ஒத்துக்கிட்டா இன்னைக்கே வீட்டுக்குப் போகலாமா சார்?" என்று அவர் கேட்டார். "போகலாம்" என்றேன்.

2021-இல், சட்ட உதவி வழக்கறிஞராக நான் சொன்ன அந்தப் பதில் சட்டப்படி பிழையன்று. அவர் மீதான வழக்கு செல்பேசித் திருட்டு, அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 379. அவர் சிறைக்கு வந்து 74 நாட்கள் ஆகியிருந்தன. ஒப்புக்கொண்டால் சிறையிலிருந்த காலமே தண்டனையாகும் என்று எதிர்பார்த்தேன். அவ்வாறே தீர்ப்பாகி, அன்று மாலை அவர் வெளியே வந்தார்.

ஜாமீன் அவருக்கு 20-ஆம் நாளே கிடைத்திருந்தது. தலா 10,000 ரூபாய்க்கு இரு ஜாமீன்தாரர்கள், ஒருவர் ரத்த உறவினர் என்பது நிபந்தனை. பட்டாவோடு வந்த தாய்மாமனை, நிலம் வேறு மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே வாரம் அதே பிரிவில் கைதான இன்னொருவருக்கு, தந்தை உள்ளூர் வீட்டுவரி ரசீதோடு வந்ததால், உடனே ஜாமீன் பூர்த்தியானது. அவர் வெளியிலிருந்தே வழக்கை நடத்தி விடுதலையானார்.

மோதிராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-இலேயே இதைக் கண்டித்திருக்கிறது. ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருப்பதால் ஏற்க முடியாது என்ற உத்தரவை மாற்றி, 1,000 ரூபாய்க்கு அவருடைய சொந்தப் பிணையே போதும் என்றார் நீதிபதி கிருஷ்ணய்யர். அதைக் காட்டி நிபந்தனையைத் தளர்த்த நான் மனு போட்டிருக்கலாம். கோப்பு என் கைக்கு வந்ததே 70-ஆம் நாள்தான், மனு விசாரணைக்கு வருவதற்குள் மேலும் இரண்டு வாரம் அவர் உள்ளே இருந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மைதான். ஆனால் அப்படியொரு வழி உண்டு என்பதைக்கூட அவரிடம் நான் சொல்லவில்லை. திருடினாரா என்றும் கேட்கவில்லை.

மறு ஆண்டு, காவலாளி வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பில் பெயர் வந்துவிட்டதென்று தேடி வந்தார். குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1958-இன் பிரிவு 3-இன்கீழ் கண்டித்து விடுவிக்கக் கோரியிருந்தால், தண்டனையால் வரும் தகுதியிழப்பைப் பிரிவு 12 நீக்கியிருக்கும். அந்த அவசரத்தில் அதை நான் நினைக்கவே இல்லை.

சென்ற மாதம் வேறொருவர் அதே கேள்வியைக் கேட்டபோது, இவை அனைத்தையும் பொறுமையாக விளக்கி, நன்னடத்தை அலுவலரின் அறிக்கை கேட்டால் இன்னும் ஒரு வாய்தா ஆகலாம், காத்திருக்க முடியுமா என்றேன். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், முடியாது என்றார்.