முதல் பக்கம் மட்டும் வந்த கல்ச்சர் ரிப்போர்ட்

ப்ராஸ்டேட் தொந்தரவுக்காக அப்பாவை கோபி ஆஸ்பத்திரியில் சேர்த்து யூரின் ட்யூப் போட்டார்கள். நாலாம் நாள் குளிர்காய்ச்சல். ஊசி ஆரம்பித்து இரண்டு நாளாகியும் 102க்குக் கீழே இறங்கவில்லை. அப்புறம்தான் "கல்ச்சர் அனுப்பிப் பாக்கலாங்க" என்றார்கள். சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்து, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்கும் சோதனை அது. ஆன்டிபயாட்டிக் உள்ளே போய்விட்டால் கிருமி சரியாக வளராது. முதல் ஊசிக்கு முன்பே சாம்பிள் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், நான் கேட்கவில்லை.

காலை ஆறரைக்கு எடுத்த சாம்பிள், ஈரோட்டு லேப் பையன் வரும்வரை நர்ஸ் மேஜையில் டீ டம்ளருக்குப் பக்கத்தில் இருந்தது. பதினொன்றரைக்குத்தான் வந்தான். இரண்டு நாள் கழித்து பதில்: பல கிருமிகள் கலந்திருக்கின்றன, மறுபடி அனுப்பவும். லேபுக்கே போன் போட்டேன். போனை எடுத்த அக்கா நல்ல மனுஷி. "ரெண்டு மணி நேரத்துக்குள்ள வரோணுங்க, இல்லீன்னா ஃபிரிட்ஜுல வெக்கோணும். யூரின் பையில இருந்து புடிச்சாங்களா? அது ஆகாதுங்க. பழைய ட்யூபை மாத்திட்டு, புதுசுல இருந்து எடுக்கச் சொல்லுங்க." அப்படியே எடுக்க வைத்து, ஐஸ் கட்டி போட்ட பால் தூக்கில் வைத்து நானே பஸ் ஏறினேன்.

மூன்றாம் நாள் வாட்ஸப்பில் ரிப்போர்ட். ஈ.கோலை என்ற கிருமி, எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கு மேல், இஎஸ்பிஎல் வகை, அதாவது பல ஆன்டிபயாட்டிக்குகளை முறிக்கும் என்சைமைச் சுரக்கும் ரகம். கீழே மருந்துப் பட்டியல்: செஃபிக்சிம் ஆர், சிப்ரோ ஆர், வரிசையாக ஆர். ஆர் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படாது. அத்தனை நாளும் ஏற்றிக்கொண்டிருந்த செஃப்ட்ரியாக்சோனும் ஆர். எதற்கும் கேட்காத கிருமியா என்று அடிவயிறு கலங்கிவிட்டது. அரை மணி நேரம் கழித்துத்தான் மூலையில் 'பக்கம் 1/2' என்று பொடி எழுத்தில் இருப்பதைப் பார்த்தேன். கவுண்டரில் கேட்டால் "அவ்வளவுதானுங்க வந்துச்சு" என்கிறார். லேப் அக்காதான் இரண்டாம் பக்கத்தை அனுப்பினார். எஸ், அதாவது கிருமி கட்டுப்படும் மருந்துகள், எல்லாம் அதில்தான்: மெரோபெனம், அமிக்காசின், நைட்ரோஃபுரன்டாயின்.

எஸ் இருந்தால் எதை வேண்டுமானாலும் போடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். நைட்ரோஃபுரன்டாயின் சிறுநீர்ப்பையோடு சரி, காய்ச்சல் வரை போனதற்கு உதவாதாம். கிட்னி சரியில்லை என்று காட்டும் கிரியேட்டினின் அப்பாவுக்கு ஏற்கெனவே கூட, அதனால் அமிக்காசினும் வேண்டாம் என்றார் டாக்டர். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மெரோபெனம், ஏழு நாள். மூன்றாம் நாள் அப்பா அரிசிம்பருப்புச் சோறு கேட்டார்.

"முன்னாடி ஏதாச்சும் மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டபோதுதான் வெளிவந்தது. இந்த வருஷம் இரண்டு தடவை, சளிக்கு மருந்துக்கடையில் மும்மூன்று செஃபிக்சிம். 2014 முதல் எச்1 பட்டியலில் உள்ள மாத்திரை அது. சீட்டு இல்லாமல் தரக்கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும். அட்டையில் சிவப்புக் கோடே இருக்கும். அதுதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை, பார்த்த பார்வை சொல்லியது.

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'யூரின் இன்ஃபெக்‌ஷன்' என்று மட்டும் போட்டிருந்தார்கள். அடுத்த முறை வேறு டாக்டரிடம் போனால் முதலில் கேட்பது கிருமி பேரைத்தான். வார்டுக்கும் பில் கவுண்டருக்கும் நாலு நடை நடந்து, பேரையும் இஎஸ்பிஎல்லையும் பேனாவால் எழுதி சீல் வைத்து வாங்கிக்கொண்டுதான் வண்டியை எடுத்தேன்.