இல்லை என்பதும் கிடைக்கவில்லை என்பதும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராகச் சேர்ந்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியை ஆவணப் பிரிவிலேயே கழித்து ஓய்வு பெற்றவள் நான். எந்த அலுவலகம் என்று இங்கே குறிப்பிடப் போவதில்லை. நான் சொல்ல வந்திருக்கும் தவறு என் கையால் நேர்ந்தது. அதைச் சொல்வதற்கு அலுவலகத்தின் பெயர் தேவைப்படவில்லை.

மாநிலச் சட்டமன்றம் 2011-ஆம் ஆண்டில் நிறைவேற்றிய தகவல் சுதந்திரச் சட்டம், 2015 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர், அரசாங்க ஃபைலில் உள்ள ஒரு தாளின் நகல் வேண்டுமென்றால் உள்ளே யாரையாவது தெரிந்திருக்க வேண்டும் என்பதே பொதுமக்களின் எண்ணமாக இருந்தது; அந்த எண்ணம் முற்றிலும் பிழையானது என்று என்னால் சொல்ல முடியாது. சட்டம் வந்த பிறகு, எழுத்து மூலம் விண்ணப்பித்து, காரணத்தைக் குறிப்பிட்டு, கட்டணம் செலுத்தினால், அதற்கென நியமிக்கப்பட்ட தகவல் அதிகாரி எழுத்து மூலம் பதில் சொல்லியாக வேண்டும் என்றும், மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம் என்றும் ஆயிற்று. அதற்காக எங்களுக்குப் பயிற்சியும் அளித்தார்கள். எந்த ஆவணத்தைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதைப் பற்றியே அந்தப் பயிற்சி முழுவதும் பேசியது. கேட்கப்பட்ட ஆவணத்தை எப்படித் தேட வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. அது கிராணிகளுக்குத் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டார்கள். எனக்கும் தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

சட்டம் நடைமுறைக்கு வந்த மறு ஆண்டு மழைக்காலத்தில் பெரியவர் ஒருவரிடமிருந்து விண்ணப்பம் வந்தது. அவர் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளைக் கணக்கெடுக்கும் டேலி கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்டவை இரண்டே ஆவணங்கள். ஒன்று, தம் வீடு அமைந்துள்ள வரிசைக்கு அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம். மற்றொன்று, அந்த வரிசையின் பின்சந்தைக் குறித்து முடிவெடுத்த கூட்டத்தின் குறிப்பு. கனத்த மழை பெய்யும் போதெல்லாம் பின்பக்கத்துக் கால்வாய் நிரம்பித் தண்ணீர் அவருடைய சமையலறைக்குள் வந்துகொண்டிருந்தது. வரிசையில் வேறு சிலர் சமையலறையை நீட்டிக் கட்டியதால் சந்தும் கால்வாயும் குறுகிவிட்டன என்பது அவர் கருத்து. அவர் ஏற்கெனவே நான்கு முறை புகார் கொடுத்திருந்தார். ஒவ்வொரு முறையும் ஆள் வந்து கால்வாயைச் சுத்தம் செய்துவிட்டுப் போனார்கள். கால்வாய் எவ்வளவு அகலமாக இருந்திருக்க வேண்டும் என்பதை அலுவலகத்தின் ஆவணத்தைக் கொண்டே காட்ட வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

நான் கணினிப் பதிவேட்டில் அவருடைய லோட் எண்ணை, அதாவது வீட்டு மனையின் எண்ணைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பக்கத்து வீடுகளின் எண்களையும் பார்த்தேன். அவற்றுக்கு வீட்டு வரி சம்பந்தமான ஃபைல்கள் இருந்தனவே தவிர, கட்டட ஃபைல் எதுவும் இல்லை. அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. கோரப்பட்ட ஆவணம் எங்கள் பதிவுகளில் இல்லை என்று மலாயில் கடிதம் தயாரித்து அதிகாரியின் கையெழுத்துக்கு வைத்தேன், அவரும் கையெழுத்திட்டார். சட்டம் சொல்லும் காலத்துக்குள் பதில் போய்விட்டது என்பதால் மாதாந்தர அறிக்கையில் அது முடிக்கப்பட்ட விண்ணப்பங்களின் கணக்கில் சேர்ந்தது.

இரண்டு வாரம் கழித்து அவர் அந்தக் கடிதத்துடன் முகப்புக்கு வந்தார். கோபப்படவில்லை. கடிதத்தை என் முன் விரித்து, மலாயில் இல்லை என்று பொருள்படும் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார்.

“‘தியாடா’ன்னு எழுதியிருக்கீங்களேம்மா. அப்படி ஒரு ஃபைலே இல்லைன்னு சொல்றீங்களா, தேடிக் கிடைக்கலன்னு சொல்றீங்களா? ரெண்டும் ஒண்ணு இல்லையே. ஹார்பர்ல பெட்டி கப்பல்ல வரவே இல்லைன்னா ஒரு மாதிரி எழுதுவோம், வந்து இறங்கின பெட்டியக் காணோம்னா வேற மாதிரி எழுதுவோம். மாத்தி எழுதினா எங்க வேலை போயிடும்.”

நான் வாயில் வந்த ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அவரை அனுப்பிவைத்தேன். ஆனால் அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்வியே மனத்தில் நின்றது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆவணங்களோடு இருந்த நான், தேடாத ஒன்றை இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தாளில் அலுவலகத்தின் முத்திரையும் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வேறு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இல்லை என்பதே உண்மையாக நிற்கும்.

மறுநாள் அனுமதி பெற்றுக் கிடங்கறைக்குப் போனேன். பினாங்கில் பழைய ஃபைல்களைத் தேடுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, சாலைகளின் பழைய பெயர்கள். இன்று ஜாலான் மஸ்ஜிட் நெகிரி என்பது முன்பு கிரீன் லேன். ஜாலான் சுல்தான் அகமட் ஷா முன்பு நோர்த்தம் ரோடு. நாம் தண்ணீர்மலை என்று சொல்கிற பகுதியின் சாலை ஆங்கிலத்தில் வாட்டர்ஃபால் ரோடாக இருந்து பிறகு ஜாலான் கெபுன் பூங்கா ஆயிற்று. ஜோர்ஜ்டவுன் மேயராக இருந்த டி. எஸ். ராமநாதனின் பெயரைத் தாங்கி நிற்கும் சாலை முன்பு ஸ்காட் ரோடு. தம் பெயரில் ஒரு சாலை இருக்கும் அளவுக்கு இவ்வூரின் நிர்வாகத்தில் ஒரு தமிழர் இருந்திருக்கிறார் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று அந்தப் பெயர்ப்பலகையைக் கடக்கும் போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். சாலைப் பெயர்களைப் போலவே லோட் எண்களும் மறு அளவையின்போது மாறியிருக்கின்றன. கணினியில் ஏற்றியவர்கள் புதிய எண்களை மட்டும் ஏற்றினார்கள். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்குமான தொடர்பு, கையால் எழுதப்பட்ட தடித்த பதிவுப் புத்தகங்களிலும், அவற்றை எழுதி ஓய்வு பெற்றுவிட்ட கிராணிகளின் நினைவிலும் மட்டுமே இருந்தது.

மூன்று நாள் தேடினேன். ஃபைல் கிடைத்தது. பழைய சாலைப் பெயரில், பழைய லோட் எண்ணில், கரையான் அரிக்காமல் நல்ல நிலையில் இருந்தது. அதன் இரண்டாம் தொகுதி பொறியியல் பிரிவுக்குப் போனதாக ஒரு குறிப்பு இருந்ததால் அங்கேயும் போய்த் தேடி எடுத்தேன். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் பின்சந்தும் கால்வாயும் அளவுகளோடு தெளிவாக வரையப்பட்டிருந்தன. ஃபைலின் முன்பக்கத்தில் இருந்த மினிட் தாளில், உள்ளே சேர்க்கப்பட்ட கடிதங்கள் ஒவ்வொன்றும் எண்ணும் தேதியும் இட்டுப் பதியப்பட்டிருந்தன. 23-ஆம் எண்ணுக்கு எதிரே, பின்சந்து குறித்து அவ்வரிசையில் குடியிருந்த ஒருவர் அனுப்பிய ஆட்சேபக் கடிதம் என்று எழுதியிருந்தது. உள்ளே 22-க்குப் பிறகு 24 இருந்தது.

இதுதான் பெரிய சிக்கலாகிவிட்டது. வரைபடத்தின் நகலைக் கொடுப்பதில் என் மேலதிகாரிக்கு ஆட்சேபம் இல்லை. முன்பு இல்லை என்று எழுதியது தவறு என்பதையும், 23-ஆம் இணைப்பு பதியப்பட்டிருந்தும் ஃபைலில் காணப்படவில்லை என்பதையும் கடிதத்தில் எழுத வேண்டும் என்று நான் சொன்னபோது அவர் தயங்கினார். தேசிய ஆவணக் காப்பகச் சட்டம் 2003-இன்படி, காப்பகத் தலைமை இயக்குநரின் அனுமதியின்றிப் பொது ஆவணத்தை அழிக்கக் கூடாது. ஒரு தாள் காணவில்லை என்று நாமே எழுதிக் கொடுத்தால் நாளை யார் பதில் சொல்வது என்று கேட்டார். அவர் நல்லவர், நேர்மையானவர். அவருடைய அச்சம் எனக்குப் புரிந்தது. பெரியவர் கேட்டது ஆவணம் 23 அல்லவே, அவர் கேட்காததை நாம் ஏன் சொல்ல வேண்டும் என்றும் கேட்டார். அதற்கு என்னிடம் சட்டப்படியான பதில் இருக்கவில்லை. கேட்பவருக்கு ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும், தெரிந்தவர்கள் நாம் மட்டும்தானே என்று மட்டும் சொன்னேன்.

நான்கு நாள் கழித்து அவர் கையெழுத்திட்டார். எந்தெந்தப் பதிவேடுகளில் தேடினோம், எந்தப் பெயரிலும் எண்ணிலும் ஃபைல் கிடைத்தது, எது இருந்தது, எது பதியப்பட்டும் காணப்படவில்லை என்று ஒன்றரைப் பக்கத்தில் அந்தக் கடிதம் போயிற்று. பக்கத்து வீட்டாரின் அடையாளக் கார்டு எண்கள் நகலில் இருந்ததால் அவற்றை மட்டும் கறுப்பு மையால் மறைத்து, வெளிச்சத்தில் பிடித்தால் எண்கள் தெரிந்துவிடும் என்பதால் மறைத்த நகலை மறுபடியும் நகலெடுத்துக் கொடுத்தோம்.

கூட்டக் குறிப்பைக் கொடுக்க முடியவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது; மன்றம் தீர்மானித்தால் மட்டுமே மூடலாம். குழுக்களின் கூட்டங்களுக்கு அந்த விதி இல்லை. சந்து, கால்வாய், கட்டட நீட்டிப்பு போன்றவை பேசப்படுவதோ குழுக்களில்தான். முழுக் கூட்டத்துக்கு வரும்போது அது ஒற்றை வரி முடிவாகச் சுருங்கியிருக்கும். தம் வீட்டைப் பாதிக்கும் ஒரு முடிவுக்கான காரணத்தை அறிய விரும்பும் குடிமகனுக்கு அந்த ஒற்றை வரியால் என்ன பயன் என்று அன்றைக்கும் கேட்டேன், இன்றைக்கும் கேட்கிறேன்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள், அலுவலகத்தில் இருப்பவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்கிறார்கள். நான் கண்டவரை, வேண்டுமென்றே மறைப்பது குறைவு. பயந்து மறுப்பதும் சரியாகத் தேடாமல் விடுவதும்தான் மிகுதி. 1972-ஆம் ஆண்டு அரசாங்க ரகசியச் சட்டம் கூட்டரசின், அதாவது நாட்டின் மத்திய அரசின் சட்டம். 1986-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதன்கீழ்க் குற்றவாளி ஆனால் குறைந்தது ஓராண்டுச் சிறை உண்டு. மாநில ஆட்சிக்குழுவின் ஆவணங்கள் அச்சட்டத்தின் அட்டவணையிலேயே ரகசியமாகப் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. அவற்றைத் தவிர, மிக ரகசியம், ரகசியம், சூலிட் (அந்தரங்கம்), தெர்ஹாட் (வரையறுக்கப்பட்டது) என்று முத்திரை இடப்பட்டவையும் அதில் அடங்கும். முத்திரை இடுவதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரிகள் இருக்கிறார்கள், வகைப்பாட்டை நீக்கவும் வழி இருக்கிறது. ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் எவரோ பழக்கத்தால் தெர்ஹாட் என்று குத்திவிட்ட ஒரு சாதாரணக் கடிதத்தை, மாதம் முடிந்தால் வீட்டுக் கடனையும் பிள்ளைகளின் கட்டணத்தையும் கட்ட வேண்டிய ஒரு கிராணி, தன் பொறுப்பில் எடுத்து வெளியே கொடுப்பாள் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. அவளுக்குத் துணை நிற்கும் ஓர் எழுத்துபூர்வமான உத்தரவு மேலிருந்து வர வேண்டும். மாநிலச் சட்டம் ஒரு கதவைத் திறந்தபோதும் கூட்டரசுச் சட்டம் அதே வாசலில் நின்றுகொண்டிருந்தது. நான் ஓய்வு பெறும் வரையில் நிலைமை இதுதான்.

இந்த ஊரில் இது ஏன் மற்ற இடங்களைவிட முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். மலாயாவின் முதல் நகராண்மைத் தேர்தல் 1951-இல் ஜோர்ஜ்டவுனில்தான் நடந்தது. 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நாடு முழுவதும் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டு செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைக்கப்பட்ட அரச ஆணையம், ஊராட்சி மன்றங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே இருக்க வேண்டும் என்று 1968-இல் பரிந்துரைத்தது, அது ஏற்கப்படவில்லை. பினாங்கு மாநிலம் 2012-இல் தேர்தலுக்கென்று இயற்றிய சட்டமும் 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஆக, கவுன்சிலர்கள் மாநில அரசால் நியமிக்கப்படுகிறார்கள். தம் தெருக் கால்வாயைப் பற்றி முடிவெடுத்தவரை வாக்குச் சீட்டால் கேள்வி கேட்க முடியாத ஒருவருக்கு, அந்த முடிவு எழுதப்பட்ட தாளைக் கேட்பது ஒன்றே மிஞ்சியிருக்கும் உரிமை. அந்தத் தாளையும் நாம் இல்லை என்று சொல்லிவிட்டால் அவரிடம் எதுவுமே இல்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பள்ளியில் படித்திருக்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 10-ஆம் நூற்றாண்டில், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்களும் அவர்களின் உறவினரும் குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர்கள் என்று அந்தக் கல்வெட்டு சொல்கிறது. பொறுப்புடைமை என்று இப்போது எழுதுகிறோம். கணக்குக் காட்டுதல் என்ற அந்தப் பழைய தொடர்தான் எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஏனெனில் காட்டுவதற்கு முதலில் கணக்கு ஒரு புத்தகத்தில், தேடினால் கிடைக்கும் இடத்தில் இருந்தாக வேண்டும்.

பெரியவர் அந்த வரைபடத்தின் நகலைக் கவுன்சிலரிடம் கொண்டுபோனார். பொறியியல் பிரிவிலிருந்து ஆட்கள் அளவெடுக்க வந்தார்கள். நீட்டிக் கட்டியவர்களில் ஒருவர் இடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டார், மற்றவர் அவகாசம் கேட்டார். அதற்குப் பிறகு மழைக்குத் தண்ணீர் உள்ளே வருவது குறைந்திருக்கிறது, முற்றிலும் நிற்கவில்லை என்று ஒரு முறை வீட்டு வரி கட்ட வந்தபோது சொன்னார்.

அதன் பிறகு நான் தயாரித்த ஒவ்வொரு பதில் கடிதத்திலும், எங்கெங்கே தேடினோம் என்பதை ஒரு பத்தியாகச் சேர்த்தேன். முதலில் இது எதற்கு என்று கேட்டவர்களும் பிறகு அவ்வாறே எழுதத் தொடங்கினார்கள். பழைய பதிவுப் புத்தகங்களிலிருந்து பழைய லோட் எண்களையும் சாலைப் பெயர்களையும் எடுத்துக் கணினியில் சேர்க்க அனுமதி கேட்டு, மதிய உணவு நேரம் போக மிச்சமிருந்த பொழுதுகளில் இளைய கிராணி ஒருத்தியும் நானுமாக நான்கு புத்தகங்களை முடித்தோம்.

அந்த ஃபைலை மூடி வைப்பதற்கு முன், மினிட் தாளில் 23-ஆம் எண்ணுக்கு எதிரே, தேடிப் பார்த்ததில் காணப்படவில்லை என்று எழுதித் தேதியிட்டுச் சுருக்கொப்பம் வைத்தேன். வேறு வேலையாகக் கிடங்கறைக்குப் போகும்போதெல்லாம் அதன் அருகிலுள்ள கட்டுகளில் தவறிச் செருகப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். பார்த்த தேதியையும் அதன் கீழே குறித்து வைப்பேன். நான் ஓய்வு பெற்றபோது அங்கே ஏழு தேதிகள் இருந்தன.