மேட்டுக்களத்துக்கு ஒன்பது தபால்கள்

என் அமுச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, காது மந்தம். கைப்பேசியில் கத்திப் பேசினால் எதிர்த் தோட்டத்துக்காரருக்குத்தான் செய்தி போய்ச் சேரும். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் மாமாவின் கைப்பேசியை எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது கண்ணு" என்று உடனே திருப்பிக் கொடுத்துவிடுவார். காகிதத்தில் எழுதியது என்றால் கதை வேறு. மூன்று நாள் வைத்துக்கொண்டு படிப்பார், தலையணைக்கு அடியில் வைப்பார், பால் ஊற்ற வருகிறவளுக்கும் படித்துக் காட்டுவார். ஆகவே 2025 அக்டோபரில் ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டபோது, போகிற இடத்திலிருந்தெல்லாம் தபால் போடுவதாக அமுச்சிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அது இவ்வளவு வேலை வைக்கும் என்று அப்போது தெரியாது.

முதல் சிக்கல் எங்கள் ஊர்தான். அமுச்சியின் வீடு கொழிஞ்சாம்பாறையைத் தாண்டி உள்ளே, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் இருக்கிறது. வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் தமிழ்நாடு. பஸ்ஸின் பெயர்ப்பலகை மலையாளத்தில், கடைப் பற்றுக்கணக்கு தமிழில், நிலவரி ரசீது மலையாளத்தில், கல்யாணப் பத்திரிகை தமிழில் என்று நாங்கள் பாதிக்குப் பாதி வாழ்கிறவர்கள். அமுச்சி இங்கேயே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், தமிழ் மட்டும்தான் வாசிப்பார். எங்கள் தபால்காரர் ஆலத்தூர்ப் பக்கத்தவர். தமிழ் சரளமாகப் பேசுவார், ஆனால் ஓரெழுத்தும் வாசிக்கத் தெரியாது. ஆக, உள்ளே இருப்பது தமிழாக இருக்க வேண்டும், மேலே இருப்பது தமிழாக இருக்கக்கூடாது.

புறப்படும் முன் அவரையே நிறுத்திக் கேட்டேன். தபால் நிலையத்தின் பெயரும் பின் கோடும் ஆங்கிலத்தில் பிழையில்லாமல் இருந்தால் தன் பை வரைக்கும் வந்துவிடும் என்றார். "அப்புறம் வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் நான் லீவில் போனால் வருகிற பையனுக்கு இங்கே எந்தக் களம் எது என்று தெரியாது. களத்தின் பெயரை மலையாளத்திலும் ஒரு வரி எழுதிவிடுங்கள்." எங்கள் பக்கம் தோட்டத்து வீடுகளுக்குக் களம் என்றுதான் பெயர். அமுச்சியுடையது மேட்டுக்களம்.

கம்ப்யூட்டர் சென்டரில் ஒட்டுத்தாளில் இருபது முகவரிகள் அச்சடித்துக்கொண்டேன். பெயர், களம், தபால் நிலையம், சித்தூர் வட்டம், பாலக்காடு, கேரளா, பின் கோடு எல்லாம் ஆங்கிலத்தில். கடைசி வரியில் பெரிய எழுத்தில் இந்தியா. ஓரமாக மலையாளத்தில் ஒரு வரி. வெளிநாட்டில் தபால் பிரிக்கிறவருக்கு அந்தக் கடைசி வரி மட்டும் போதும். இந்தியாவுக்குள் வந்த பிறகு பின் கோடு பார்த்துக்கொள்ளும். 1972 ஆகஸ்ட் 15 முதல் புழக்கத்தில் இருக்கும் அந்த ஆறு இலக்கங்களில், முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு அல்லது கேரளப் பக்கம், 678 என்றால் பாலக்காடு. இந்த மூன்று இலக்கத்தின் அருமை எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

ஸ்டுட்கார்ட்டில் வேலை சுலபம். மஞ்சள் தானியங்கிப் பெட்டியில் காசு போட்டால் ஸ்டாம்பு வரும். இந்தியாவுக்கு ஒரு அஞ்சலட்டை அப்போது 1.25 யூரோ. நான் இரண்டு யூரோ நாணயம் போட்டேன். மீதிச் சில்லறை வராது, அந்தத் தொகைக்கும் ஸ்டாம்பாகவே வரும் என்று அக்கா பிறகு சொன்னாள். எங்கள் ஊர்க் கடையில் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுப்பதைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

எழுதுவதற்கும் ஒரு பக்குவம் தேவைப்பட்டது. அமுச்சி படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதினால் ஒரு அட்டையில் பத்து வரிதான் கொள்ளும். ஜெல் பேனாவில் எழுதிய முதல் அட்டை வழவழப்பான காகிதத்தில் காயாமல் இழுசிவிட்டது. சாதாரண பால்பாயிண்ட் பேனாதான் நல்லது. அட்டையின் அடிப்பகுதியில் ஒரு விரல் அகலம் எதுவும் எழுதாமல் விட வேண்டும், பிரிக்கும் இயந்திரம் அங்கே ஆரஞ்சு நிறக் கோடுகளை அச்சடித்துவிடும். இது தெரியாமல் முதல் அட்டையில் அடி வரை எழுதினேன். ஊருக்கு வந்து பார்த்தபோது "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற வரியின் மேல் கோடுகள் ஓடியிருந்தன.

அங்கிருந்து மூன்று நாள் சுவிட்சர்லாந்து. பெர்ன் நகரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பூங்கா இருக்கிறது. அதில் ஒரு பூமி உருண்டையைச் சுற்றி ஐந்து கண்டங்களுக்கும் ஐந்து பெண்கள் கடிதங்களைக் கைமாற்றிக்கொள்வது போல ஒரு சிலை. உலகத் தபால் ஒன்றியத்தின் நினைவாக 1909இல் வைத்தது. 1874இல் இந்த ஊரில் கூடித்தான் அதை உண்டாக்கினார்கள். இந்தியா 1876இல் சேர்ந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நாடும் மற்ற ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியே ஒப்பந்தம் போட்டு, வழிக்கு வழி வேறு கட்டணம் வைத்திருந்தது. ஒரே ஸ்டாம்பை ஒட்டி எந்த நாட்டுக்கும் போடலாம் என்பது அங்கே கூடியவர்கள் செய்த காரியம். வான்வழித் தபாலில் ஒட்டும் நீலச் சீட்டில் பிரெஞ்சு இருப்பதும் இந்த ஒன்றியத்தால்தான், அதன் அதிகார மொழி பிரெஞ்சு.

அந்தச் சிலைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து நான்கு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். அமுச்சி இன்றைக்கும் தபால் நிலையத்தை "அஞ்சலாபீஸ்" என்றுதான் சொல்வார். சுற்றிலும் சென்னை மாகாணத்து மலபார், கோயம்புத்தூர் மாவட்டங்கள் இருக்க, சித்தூர் மட்டும் கொச்சி சமஸ்தானத்தின் துண்டாக இருந்தது. கொச்சிக்கு 'அஞ்சல்' என்று சொந்தத் தபால், சொந்த ஸ்டாம்பு. சலங்கை கட்டிய கோலோடு அஞ்சல்காரன் ஓடிவருவதைப் பற்றி அவருடைய அப்பா சொன்ன கதைகளை எங்களுக்கும் சொல்லியிருக்கிறார். 1951இல் அது இந்தியத் தபால் துறையோடு கலந்துவிட்டது. அமுச்சிக்கு அப்போது பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும். கடிதத்தில் முக்கால் பங்கு இதைத்தான் எழுதினேன். அதோடு தனியே ஒரு படஅட்டையும் போட்டேன், பச்சைப் புல்வெளியில் ஒரு பழுப்பு மாடு.

ரோமில்தான் எல்லாம் கோணலாகப் போனது. முகவரி ஒட்டுத்தாளை ஸ்டுட்கார்ட்டில் பெட்டியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அது ஒரு தப்பு. நினைவுப்பொருள் கடையில் அட்டையோடு ஸ்டாம்பும் வாங்கினேன், அது அடுத்தது. அந்த ஸ்டாம்பு இத்தாலிய அரசுத் தபாலுடையது அல்ல, ஒரு தனியார் நிறுவனத்துடையது. பார்க்க அழகாக, ஓரத்தில் கியூஆர் குறியீட்டோடு இருந்தது. அந்த நிறுவனத்தின் சொந்தப் பெட்டியில்தான் போட வேண்டும் என்று சின்ன எழுத்தில் இருந்ததை நான் படிக்கவில்லை. தெருவோரச் சிவப்புப் பெட்டியில் போட்டேன். அந்தச் சிவப்புப் பெட்டிக்கும் இரண்டு வாய்: ஒன்று அதே ஊருக்கு, மற்றது மற்ற எல்லா இடங்களுக்கும். சரியான வாய் எது என்று ஐந்து நிமிடம் நின்று யோசித்துப் போட்டதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அந்த அட்டை இன்றுவரை வரவில்லை.

மறுநாள் தங்கியிருந்த விடுதிக்காரம்மா விஷயத்தைச் சொன்னார். வாசலில் பெரிய டி எழுத்துப் பலகை மாட்டிய புகையிலைக் கடைக்குப் போய் 'ஃபிராங்கோபொல்லி' என்று கேட்டு வாங்க வேண்டுமாம். இத்தாலியில் சிகரெட்டும் ஸ்டாம்பும் ஒரே கடையில். அதை வாங்கி ஒட்டி, அடுத்த அட்டையை அதே சிவப்புப் பெட்டியில் போட்டேன். அதில் தபால் நிலையமும் பின் கோடும் நினைவிலிருந்து சரியாக எழுதியிருந்தேன். இருபத்தொரு நாளில் சேர்ந்துவிட்டது.

அந்தத் தைரியத்தில் வத்திக்கானுக்குப் போனேன். அங்கே 1929 முதல் தனித் தபால். இத்தாலிய ஸ்டாம்பு ஒட்டி அங்குள்ள பெட்டியில் போட்டால் செல்லாது, அவர்களுடைய ஸ்டாம்பை ஒட்டி வெளியே ரோமில் போட்டாலும் செல்லாது. சதுக்கத்தின் இந்த ஓரத்தில் ஒரு தபால், கொஞ்சம் நடந்தால் வேறு தபால். வரிசையில் நின்றபோது, கொச்சி அஞ்சலும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று தோன்றியது. தோன்றியதை உடனே எழுதியாக வேண்டுமே. எழுதினேன், எழுதினேன், எழுத்து பெருகி முகவரிக்கான பாதியிலும் நுழைந்துவிட்டது. மிஞ்சிய இடத்தில் பெயர், களம், சித்தூர், இந்தியா என்று நெருக்கி எழுதினேன். கேரளாவும் இல்லை, பின் கோடும் இல்லை. சித்தூர் என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு ஓ வேறு போட்டுவிட்டேன்.

அட்டை நேராக ஆந்திரத்துச் சித்தூருக்குப் போயிருக்கிறது. அங்கேயும் தமிழ் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. அட்டையைப் படித்த யாரோ ஒரு தபால் ஊழியர், கொழிஞ்சாம்பாறை என்ற பெயரையும் கொச்சியையும் என் வளவளப்புக்குள் கண்டுபிடித்திருக்க வேண்டும். சித்தூர் முத்திரைக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஆங்கிலத்தில் 'பாலக்காடு, கேரளா' என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார். நாற்பத்து நான்கு நாள் கழித்து, நான் ஊர் திரும்பிய பிறகு வந்தது. முகவரியை விட்டுவிட்டு எழுதிய அந்தக் கதைதான் கடைசியில் முகவரியாக உதவியது. அதற்காக யாரும் பின் கோடு இல்லாமல் அனுப்பிப் பார்க்க வேண்டாம், அந்த ஊழியர் அன்றைக்கு லீவில் இருந்திருந்தால் என் கதையும் அங்கேயே முடிந்திருக்கும்.

ஜெர்மனியிலிருந்து போட்ட நான்கும் பதினாறு, பதினேழு நாளில் வந்தன. பெர்ன் கடிதமும் மாட்டு அட்டையும் ஒரே நாளில் வந்தனவாம். மொத்தம் ஒன்பதில் எட்டு. நான் வீட்டுக்குப் போனபோது எட்டும் வரிசையாகச் சுவர் அலமாரியில் நின்றிருக்கவில்லை, வத்திக்கான் அட்டை அப்போது ஆந்திரத்தில் இருந்தது. ஏழு நின்றிருந்தன.

அவற்றின் பின்னாலிருந்து அமுச்சி ஒரு நீல உள்நாட்டுக் கடிதத்தை எடுத்து நீட்டினார். எனக்கு எழுதிய பதில். அக்காவின் ஸ்டுட்கார்ட் முகவரியை மாமாவிடம் கேட்டு எழுத வைத்து, ஒட்டித் தபால்காரரிடம் கொடுத்திருக்கிறார். உள்நாட்டுக் கடிதம் வெளிநாட்டுக்குப் போகாது என்று அவர் மறுநாளே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். வேறு உறை வாங்கி வரட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம், அவளே வந்துவிடுவாள்" என்று அமுச்சி வாங்கி வைத்துக்கொண்டாராம்.

பிரித்தேன். அஞ்சலாபீஸ் பற்றி நான் எழுதிய நான்கு பக்கத்துக்கு ஒரு வரி பதில்: "சலங்கை இல்லை, மணி." மற்றதெல்லாம் மாட்டைப் பற்றி. ஒரு நேரத்துக்கு எத்தனை லிட்டர் கறக்கும், சினை மாடு போலத் தெரிகிறதே, கொம்பு ஏன் இல்லை.

கொம்பு விஷயம் எனக்குத் தெரியும், அக்கா சொல்லியிருந்தாள். சுவிட்சர்லாந்தில் பல மாடுகளுக்குக் கன்றிலேயே கொம்பைத் தீய்த்துவிடுகிறார்கள். கொம்போடு வளர்க்கிறவர்களுக்கு அரசு உதவித்தொகை தர வேண்டும் என்று 2018 நவம்பரில் நாடு முழுக்க வாக்கெடுப்பு நடத்தினார்கள், தோற்றுவிட்டது. அமுச்சியின் காதருகே குனிந்து இரண்டு முறை கத்திச் சொன்னேன். கேட்கவில்லை. ஒரு தாளை எடுத்து, பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.