ரங்கூன் மில்லு வேணாம்னு சொன்ன கதை

புதுசா யாராவது பர்ச்சேஸ்ல சேர்ந்தா முதலாளி என்னைக் காட்டி "இவன் வேணாம்னான், நாம தப்பிச்சோம்"பாரு. கேக்கும்போதெல்லாம் எனக்கு எங்கயோ போயிடலாம்போல இருக்கும்.

2020 கடைசி. அப்பளத்துக்கு நாங்க வாங்கறது பெரும்பாலும் பர்மா உளுந்துதான், சென்னைல எறங்குற எஃப்ஏக்யூ (சாதா தரம்), எஸ்க்யூ (ஒசத்தி தரம்) ரேட்டைப் பாக்காம எங்களுக்குப் பொழுதே விடியாது. ஒரு ஜூனியர் பையன் கணக்கு போட்டு எடுத்துட்டு வந்தான், ரங்கூன் பக்கமே மில்லு போட்டு தோல் எடுத்து பருப்பா கொண்டாந்தா தோலுக்கெல்லாம் கப்பல் கூலி கட்ட வேணாம், வெளையற எடத்துலயே தரம் பாத்து எடுக்கலாம், நடுவுல புரோக்கர் கிடையாது. தோலை இங்க மாட்டுத்தீவனத்துக்கு விக்கிற காசை மட்டும் விட்டுட்டான், மத்தபடி இப்பவும் சொல்றேன் நல்ல கணக்கு.

முதலாளி என் பக்கம் திரும்பி "நீ என்ன சொல்ற, போலாமா? போனா நீதான் அங்க ஒக்காரணும்"னாரு.

நான் 2017-ஐ எடுத்துப் போட்டேன். அந்த ஆகஸ்ட்ல நம்ம அரசாங்கம் உளுந்து, பாசிப்பயறு ரெண்டும் சேத்தே வருஷத்துக்கு 3 லட்சம் டன்தான் இறக்குமதி பண்ணலாம்னு கட்டுச்சு, பர்மால வெல அப்படியே சரிஞ்சுது. உளுந்த அங்க பெருசா யாரும் திங்கறதில்ல சார், நமக்காகத்தான் போடறாங்க, நம்ம ஊரு கதவச் சாத்துனா மில்லு சும்மா கெடக்கும், ஆறு மாசம் பாப்போம்னேன். அத்தனையும் உண்மை. ஆனா "நீதான் ஒக்காரணும்"னு அவர் சொல்றவரைக்கும் இதெல்லாம் என் வாய்ல வரலயே. பொண்ணு அப்ப பத்தாவது.

2021 பிப்ரவரி 1, அங்க ராணுவம் ஆட்சியப் புடிச்சுது, பேங்கெல்லாம் மூடுனாங்க, ஆபீஸ்ல நான் தீர்க்கதரிசி ஆயிட்டேன். ராணுவம்ங்கற வார்த்தையே நான் பேசல!

அப்புறமும் உளுந்து வந்துச்சு. அந்த ஜூன்லயே ரெண்டு அரசாங்கமும் வருஷம் 2.5 லட்சம் டன்னுன்னு ஒப்பந்தம் போட்டுச்சு, அப்ப பையன் சொன்னது சரியோன்னு தோணும். உடனே 2022 ஏப்ரல் ஞாபகம் வரும், கைக்கு வர்ற டாலர வெளி மார்க்கெட்டவிடக் கம்மியான அரசு ரேட்டுக்கே மாத்தணும்னு அங்க உத்தரவு போட்டாங்க, மில்லு இருந்திருந்தா வசமா மாட்டியிருப்போம், அப்ப நான்தான் சரி. தூக்கம் வராத ராத்திரில இப்படியே ஓடும்.

பையன் வேலைய விட்டுட்டுப் போறப்ப டீக்கடைல கேட்டான், "அண்ணே, அன்னிக்கு உங்களுக்குப் பதிலா என்னை அனுப்பறேன்னு சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அதேதான்டான்னேன். நீ போயிருந்தா பிப்ரவரில மாட்டியிருப்ப, கம்பெனி பணமும் போயிருக்கும்னு சேத்துச் சொன்னேன். "எடம் பாக்கவே ஆறு மாசம் ஆகும்ணே, பிப்ரவரில நாம ஒத்த ரூபா போட்டிருக்க மாட்டோம், நியூஸப் பாத்துட்டு அப்படியே நிறுத்தியிருப்போம்"னான்.

இத நான் இன்னும் முதலாளிகிட்ட சொல்லல.