ஆரஞ்சு வயர்ல கரண்ட் வரல

இந்த நாட்டுக்கு வந்து அது எங்களுக்கு ரெண்டாவது குளிர்காலம். வீடு பழசு, வீட்டையும் குழாய்த் தண்ணியையும் சூடாக்குற கேஸ் பாய்லர் அதைவிடப் பழசு. வெயில்லயே வளர்ந்த எனக்கு அதைப் பத்தி எதுவும் தெரியாது, சுவத்துல ஒரு டப்பா இருக்கும், எவ்ளோ சூடு வேணும்னு வைக்கிற தெர்மோஸ்டாட்ட திருப்பினா ரூம்ல இருக்குற ரேடியேட்டர் சூடாகும், அவ்ளோதான். ஒரு நாள் ராத்திரி திருப்பினேன், சூடாகல. வெளிய மைனஸ் 4. பொண்ணுக்கு அப்போ ஒன்றரை வயசு, ரெண்டு ஸ்வெட்டர் மாட்டி எங்க நடுவுல படுக்க வச்சோம், அவ மூக்கு நுனி மட்டும் ஐஸ் மாதிரி இருந்துச்சு, விடிய விடிய தொட்டுப் பாத்துட்டே இருந்தேன்.

மறுநாள் வந்த என்ஜினியர் பத்து நிமிஷம் பாத்துட்டு பாய்லருக்குள்ள இருக்குற சர்க்யூட் போர்டு போச்சு, பழைய மாடல், புது பாய்லரே போட்டுருங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார். கரண்ட் அளக்குற மீட்டர வெளியவே எடுக்கல. எனக்கு அது அப்போ தப்பாவும் தெரியல, ஏன்னா எதை அளக்கணும்னே எனக்குத் தெரியாதே.

நாலு வீடு தள்ளி ஒரு அண்ணன் இருக்கார், நம்மாளு, இங்க முப்பது வருஷமா வயரிங் வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். என் வீட்டுக்காரிதான் அவர்கிட்ட போய்க் கேளுங்கன்னா. வாசல்லயே நின்னு அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, குழாய்ல சுடுதண்ணி வருதா?"

"வருதுண்ணே."

"தண்ணி சுடும்போது பாய்லர் எரியுற சத்தம் கேக்குதா?"

"கேக்குதுண்ணே."

"அப்போ போர்டு போகலப்பா. போர்டு போயிருந்தா தண்ணிய யாரு சுட வைக்கிறா?"

இந்தக் கேள்விய அந்த என்ஜினியர் கேக்கவே இல்லைங்கிறது இப்போ நினைச்சாலும் எனக்கு மனசு ஆறல.

அண்ணன் முதல்லயே சொல்லிட்டார், பாய்லர் மூடிய தொறக்கக் கூடாது, உள்ள கேஸ் இருக்கு, அது லைசென்ஸ் இருக்குறவங்க வேலை, நாம வெளிய இருக்குற வயரிங்க மட்டும் பாப்போம்னு. அப்புறம் சுடுதண்ணி டேங்க் இருக்குற அலமாரியத் தொறந்து ரெண்டு வால்வ காட்டினார். ஒண்ணு தண்ணிக்கு, ஒண்ணு ரேடியேட்டருக்கு. ரெண்டு தலையிலயும் குட்டி மோட்டார், ஒவ்வொண்ணுலயும் அஞ்சு வயர். இந்த அஞ்சு வயரப் புரிஞ்சுக்கிட்டா பாதி பாய்லர் புரிஞ்ச மாதிரிதான்னு நான் இப்போ நம்புறேன். நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். ப்ரவுன் தெர்மோஸ்டாட்ல இருந்து வர்ற லைன், அது வந்தா மோட்டார் சுத்தி வால்வு தொறக்கும். வால்வு முழுசா தொறந்ததும் உள்ள ஒரு சின்ன ஸ்விட்ச் அழுந்தும், அது சாம்பல் கலர் வயர்ல இருக்குற கரண்ட ஆரஞ்சு வயருக்கு மாத்தி விடும், அந்த ஆரஞ்சுதான் பாய்லர்கிட்ட போய் "எரி"ன்னு சொல்லுது. அதாவது தெர்மோஸ்டாட் நேரா பாய்லர்கிட்ட பேசறதே இல்ல.

அந்த சாம்பல் வயர்ல மட்டும் கவனமா இருக்கணும்னு ரெண்டு தடவ சொன்னார். தெர்மோஸ்டாட்ட ஆஃப் பண்ணினாலும், டைமர ஆஃப் பண்ணினாலும் அதுல 230 வோல்ட் நின்னுட்டேதான் இருக்கும். மெயின் ஸ்விட்ச அணைச்சு, ஃபியூஸையும் கழட்டிப் பாக்கெட்ல போட்டுக்கிட்டுதான் கை வைக்கணும். அதுக்கு அப்புறமும் டெஸ்டர முதல்ல கரண்ட் இருக்குற இடத்துல வச்சுப் பாத்து, அப்புறம் நாம தொடப்போற இடத்துல வச்சு, திரும்பவும் கரண்ட் இருக்குற இடத்துல வச்சுப் பாக்கணும், ஏன்னா நடுவுல டெஸ்டரே செத்திருந்தா நமக்கு எப்படித் தெரியும்?

சரி, அளக்க ஆரம்பிச்சார். ஹாட் வாட்டர ஆஃப் பண்ணச் சொன்னார், ரெண்டு வால்வோட ஆரஞ்சும் ஒரே இடத்துல சேருது, அது ஆன்ல இருந்தா எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு குழம்பிடும். ஹீட்டிங்க மட்டும் ஆன். ப்ரவுன்ல 230. மோட்டார் லேசா உறுமிச்சு, பக்கத்துல இருக்குற நெம்புகோல் கையில லூசா ஆடுச்சு, அப்போ வால்வு தொறந்துருச்சு. சாம்பல்ல 230. ஆரஞ்சுல என்னோட மல்டிமீட்டர் 57 காட்டுச்சு.

"கரண்ட் கம்மியா வருதுண்ணே"ன்னேன்.

"வரவே இல்ல தம்பி. பக்கத்து வயர்ல ஓடுறதப் பாத்து இந்த மீட்டர் சும்மா ஒரு நம்பர் காட்டுது." தன்னோட ரெண்டு குச்சி டெஸ்டர எடுத்து வச்சார், அது கொஞ்சம் கரண்ட இழுத்துப் பாக்குற டைப், ஒரு லைட்டும் எரியல. டிஜிட்டல் மீட்டர் கரண்ட்ட கிட்டத்தட்ட இழுக்கவே இழுக்காது, அதனால தொங்கிட்டு இருக்குற வயர்ல கூட 40, 60, 80ன்னு ஏதாவது காட்டும். இது தெரியாம எத்தனையோ பேர் நல்லா இருக்குற பார்ட்ட கழட்டிப் போட்டிருப்பாங்க. சின்ன வயசுல இருந்து நாம பாக்குற டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரும் அப்படித்தான், லேசா மின்னினா போதும் கரண்ட் இருக்குன்னு நினைச்சுப்போம்.

சாம்பல்ல வந்து ஆரஞ்சுல வரலன்னா நடுவுல இருக்குற ஸ்விட்ச்தான் கோளாறு, அதனால எல்லாத்தையும் அணைச்சுட்டு அந்த ரேடியேட்டர் வால்வோட தலைய கழட்டினோம், எங்களோடது ரெண்டு ஸ்க்ரூல நிக்கிற டைப், தண்ணிய வடிக்க வேண்டியதில்ல (சில பழைய மாடல்ல வடிச்சே ஆகணும்). உள்ள இருந்த ஸ்விட்ச் நகம் அளவுதான். அமுக்கினா டிக்குன்னு சத்தம் வருது, ஆனா மீட்டர் பீப் அடிக்கல, அதாவது உள்ள தொடர்பு இல்ல. அண்ணன் அத கத்தி நுனியால பொளந்து காட்டினார், உள்ள கரண்ட் சேருற புள்ளி கரி மாதிரி கருத்து, நடுவுல ஒரு குழி. பாய்லர் ஒவ்வொரு தடவ ஆன் ஆஃப் ஆகும்போதும் அங்க ஒரு சின்னப் பொறி பறக்கும், வருஷக்கணக்கா பறந்து பறந்து தின்னுடுச்சு. இவ்ளோ சின்ன புள்ளிக்காக ஒரு முழு பாய்லர தூக்கிப் போட இருந்தோம்.

புது தலைய மாட்டி, தெர்மோஸ்டாட்ட திருப்பினோம். உறுமல், டிக், அப்புறம் கீழ பாய்லர் பத்திக்கிற சத்தம். என் வீட்டுக்காரி மாடியில இருந்து "சூடாகுது, சூடாகுது"ன்னு கத்தினா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அதுக்கு அப்புறம் நானே அந்த அஞ்சு வயரையும் தமிழ்ல படம் போட்டு அலமாரி கதவு உள்பக்கம் ஒட்டி வச்சிருக்கேன். அடுத்த வருஷம் வேற கோளாறு வந்துச்சு, பாய்லர் பத்திக்கிட்ட ரெண்டு செகண்ட்ல அணைஞ்சு, திரும்ப எரியாம லாக் ஆயிடும், அது தீயக் கண்டுபிடிக்கிற கம்பில அழுக்கு, கேஸ் ஆள் வந்து சுத்தம் பண்ணினார். அவர் வந்ததும் நான் எதெல்லாம் அளந்தேன், எங்க வரைக்கும் கரண்ட் வருதுன்னு சொன்னேன், அவரும் நேரா அங்கயே போயிட்டார்.

போன வாரம் புதுசா குடிவந்த ஒரு குடும்பத்துல இருந்து ராத்திரி போன், ஹீட்டிங் வரல, கைக்குழந்தை இருக்குன்னாங்க. சுடுதண்ணி வருதான்னு கேட்டேன். அதுவும் வரலையாம், பாய்லர்ல ஒரு லைட்டும் இல்லையாம். அப்போ வால்வு பக்கமே போகாதீங்க, முதல்ல ஃபியூஸப் பாருங்க, போயிருந்தா அதே 3 ஆம்ப்தான் போடணும், பெருசு போட்டுறாதீங்க, திரும்பவும் போச்சுன்னா தொடாதீங்க, நான் அண்ணனக் கூட்டிட்டு வரேன்னு சொல்லிட்டு ஷூவ மாட்டினேன்.