“சுத்தம் பண்ற மீன் ஒண்ணு போடுங்க தம்பி”

கொளத்தூரில் ஒரு வண்ண மீன் கடையில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் குடும்பம் குடும்பமாக வருவார்கள். பையன் ஏஞ்சல் மீனைக் காட்டுவான், அப்பா விலை கேட்பார், அம்மா “இது எத்தனை நாள் உயிரோட இருக்கும்?” என்பார். பேரம் முடிந்து கவரில் ஆக்சிஜன் அடிக்கும்போது கடைசியாக ஒன்று கேட்பார்கள்: “அப்படியே சுத்தம் பண்ற மீன் ஒண்ணு போடுங்க தம்பி.”

அதுதான் கெளுத்தி. காய் வாங்கி முடித்ததும் கொசுறாகக் கேட்கும் கொத்தமல்லி மாதிரிதான் அதை வாங்கிப் போவார்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் போட்டுக் கொடுத்தேன். ஏஞ்சல், ஆஸ்கர் எல்லாம் சேர்ந்த குடும்பம்தான் சிக்லிட். அந்த மீனுக்கு என்ன தொட்டி, என்ன தீனி என்று பேசுவேன். கெளுத்தியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒருவர் மூன்றடித் தொட்டியில் இரண்டு ஆஸ்கர் வைத்திருந்தார், ஐந்து அங்குலம் இருக்கும். அடியில் தங்கும் தீனியைத் தின்ன நான்கு கோரி கேட்டார், தரையில் மேயும் குட்டிக் கெளுத்தி அது. கொடுத்தேன். மூன்றாம் நாள் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே கவரோடு நின்றார். ஆஸ்கரின் வாய் திறந்தபடி இருந்தது. உள்ளிருந்து கோரியின் வால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. பயந்தால் கோரி பக்கத்துத் துடுப்பு முள்ளை விரித்துப் பூட்டு போட்டதுபோல் நிறுத்திவிடும். உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. முதலாளி ஈரத்துணியில் ஆஸ்கரைப் பிடித்துக்கொண்டு, நகவெட்டியால் முள்ளை நறுக்கி, மெல்ல உருவி எடுத்தார். கோரி ஏற்கெனவே செத்திருந்தது. ஆஸ்கர் மறுநாள் போய்ச் சேர்ந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. “உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்” என்றார். திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு பேச்சையே தலைகீழாக மாற்றிக்கொண்டேன். முதலில் கெளுத்தி எது, அப்புறம்தான் சிக்லிட். கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் சக்கர் கெளுத்தி வேண்டுமென்றால் அது ஒன்றரை அடி வரை வளரும் என்று கையை விரித்துக் காட்டுவேன். கடையில் இரண்டு அங்குலத்தில் பார்த்தவர்களுக்கு நம்பிக்கை வராது. வளர்ந்த பிறகு ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கே அது நாட்டு மீனோடு தீனிக்குப் போட்டி போட்டுப் பெருகிவிடுகிறது. இன்னொன்று: சக்கர் மற்ற மீனின் கழிவைத் தின்னாது. அதுவே போடுகிற கழிவுக்குத்தான் தனியாக ஒரு ஃபில்டர் வேண்டும்.

அதற்குப் பதில் அதே இனத்துச் சின்னக் கெளுத்தியான பிரிசில்நோஸ் கொடுப்பேன். ஐந்தாறு அங்குலத்தோடு நின்றுவிடும், கண்ணாடியில் படியும் பாசியை ஒழுங்காக மேயும். விளக்கை அணைத்த பிறகு அதற்கென்று ஒரு துண்டு வெள்ளரிக்காய் போடச் சொல்வேன். கோரி கேட்டால் ஆறுக்குக் குறைவாகத் தரமாட்டேன். கூடவே அந்தக் கலர் கல் வேண்டாம், மெல்லிய மணல் போடுங்கள் என்பேன். கூரான கல்லில் கிளறிக் கிளறி அதன் மீசை தேய்ந்துவிடும். கலர் கல்லில்தான் கடைக்கு லாபம் என்பது வேறு கதை. முதலாளி என்னை முறைத்த நாட்கள் உண்டு.

கோரியோடு ஒத்துப்போகிற சிக்லிட் என்றால் ஏஞ்சல். அது நடுத்தண்ணீரில் நிற்கும், இது தரையில் மேயும். இரண்டுமே தென் அமெரிக்கத் தண்ணீர்க்காரர்கள். ஆனால் நியான் டெட்ரா என்ற பொடி மீனைக் கூடப் போட்டால், ஏஞ்சல் வளர்ந்ததும் ஒரு இரவில் எண்ணிக்கை குறையும். சிறிய சிக்லிட் வேண்டுமென்பவர்களுக்கு ராம். அதற்கு 28 டிகிரி சூடு வேண்டும், எல்லாக் கோரியும் தாங்காது, ஸ்டெர்பை என்ற கோரி வகை தாங்கும். நம்மூர் மே மாதத்தில் இதையெல்லாம் யோசித்தே ஆக வேண்டும்.

ஆப்பிரிக்கன் சிக்லிட் கதை தனி. அது வரும் மலாவி ஏரித் தண்ணீர் ஓரளவு கடினமானது, காரத்தன்மை உள்ளது. உப்பு ஏறிய போர்த் தண்ணீர் வரும் தெருவில் ஏஞ்சலைவிட அது நன்றாகவே இருக்கும். ஆனால் அடிதடிக்காரர்கள். கோரியைப் போட்டால் துடுப்பு மிஞ்சாது. அங்கே சைனோடான்டிஸ் என்ற ஆப்பிரிக்கக் கெளுத்தி வகைதான் சரி. அதில் டாங்கனிகா ஏரியிலிருந்து வந்த புள்ளிக் கெளுத்தி ஒன்று இருக்கிறது, சரியான குயில். பெண் சிக்லிட் முட்டையிட்டு, வாயிலேயே வைத்துப் பொரிக்க அள்ளும் நேரம் பார்த்துத் தன் முட்டையையும் கலந்துவிடும். முதலில் பொரிவது கெளுத்திக் குஞ்சுதான். வளர்ப்புத் தாயின் வாய்க்குள்ளேயே அவள் குஞ்சுகளைத் தின்று வளரும். காக்கையாவது குயில் குஞ்சுக்குக் கூடும் தீனியும் கொடுப்பதோடு சரி.

(சிக்லிட் என்றாலே வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைப்பவர்களிடம் குழம்பில் போடும் ஜிலேபியும் சிக்லிட்தான், கேரளத்துக் கரிமீனும் சிக்லிட்தான் என்பேன். கரிமீன் நம் மண்ணின் மீன். ஜிலேபி 1952-இல் வந்திறங்கியது.)

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நான் சொன்னபடியே நான்கடித் தொட்டி வைத்தார்: நான்கு ஏஞ்சல், ஆறு கோரி, ஒரு பிரிசில்நோஸ். ஐந்து மாதம் கழித்து போன் செய்தார். ஒரு ஜோடி ஃபில்டர் குழாயில் முட்டையிட்டதாம். காலையில் பார்த்தால் குழாய் துடைத்துவிட்டதுபோல் இருந்ததாம்.

“ராத்திரி விளக்கை அணைச்சீங்களா சார்?”

“அணைச்சேன்.”

“ஏஞ்சலுக்கு இருட்டுல கண்ணு தெரியாது சார். பிரிசில்நோஸ் வந்து மேய்ஞ்சிருக்கும். அடுத்த தடவை ஒரு சின்ன ஜீரோ வாட்ஸ் பல்பு எரியட்டும், காவலுக்கு அதுங்களே நிக்கும்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “சுத்தம் பண்ற மீன்னுதானேப்பா குடுத்த” என்றார்.