அம்மாவுக்கு இரண்டு பக்கம்

26 ஆகஸ்ட் 2024, வட்டக்கச்சி

அம்மா போய் எட்டாம் நாள், நேற்று எட்டுச்செலவு முடிந்தது. விரால் குழம்பு, குரக்கன் புட்டு, முருங்கையிலை வறை, எருமைத் தயிர் என்று அம்மாவுக்குப் பிடித்ததெல்லாம் வாழையிலையில் படைத்தோம். அக்காவின் மகன் ஒரு போத்தல் நெக்டோவும் வாங்கிவந்து வைத்தான். சீனி வருத்தம் வந்த பிறகு அம்மாவுக்கு நாங்கள் மறித்து வைத்திருந்த சாமான் அது. தான் ஒளித்து ஒளித்து வாங்கிக் கொடுத்ததை இப்போதுதான் ஒத்துக்கொள்கிறான், கள்ளன்.

பெரியண்ணா கனடாவிலிருந்து வந்து நிற்கிறார். முப்பத்தோராம் நாள் கிரியை, அந்தியேட்டி, முடிய வெளிக்கிட்டுவிடுவார். அன்றைக்கு வருகிற சனத்துக்குக் கொடுக்க நினைவு மலர் அடிக்க வேண்டும். "நீதானே ரீச்சர், அம்மான்ரை வரலாறை நீயே எழுது" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். சரி என்றுவிட்டேன். அம்மாவோடு கடைசி மட்டும் ஒரே வீட்டில் இருந்தவள் நான்தான்.

29 ஆகஸ்ட்

கிளிநொச்சி ரவுணுக்கு, அச்சகத்துக்குப் போனேன். மாதிரிக்கு நாலைந்து மலர்களை எடுத்து மேசையில் போட்டார்கள். எல்லாம் ஒரே ஒழுங்கு. முன்னட்டையில் படம், உள்ளே திதி வெண்பா, பஞ்சபுராணம், சிவபுராணம், பிறகு வாழ்க்கை வரலாறு, அதன் பின்னால் பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். வெண்பாவுக்கு விவரம் எழுதிக் கொடுத்தேன்: குரோதி வருடம், ஆவணி மாதம், பூர்வபக்கச் சதுர்த்தசி. மிச்சத்தை அவர்களுடைய புலவர் பார்த்துக்கொள்வாராம். வரலாற்றுக்கு இரண்டு பக்கம்தான்.

மாதிரி மலர்களில் இருந்த அம்மாமார் எல்லாரும் பொறுமையின் சிகரங்கள். எல்லாரும் இன்முகம் காட்டி விருந்தோம்பியவர்கள். எங்கள் அம்மா விருந்தோம்பியது உண்மை, வீட்டுக்கு வந்த ஒருவரையும் வெறும் வயிற்றோடு விட்டதில்லை. ஆனால் "சாப்பிட்டாச்சோ?" என்று அவர் கேட்கிற கேள்வி சோதனைச்சாவடியில் அடையாள அட்டை கேட்பதுபோல இருக்கும். இல்லை என்றாலும் குற்றம், ஓம் என்றாலும் சந்தேகம்.

அண்ணாவும் தன் பங்குக்கு ஒன்று எழுதித் தந்திருக்கிறார். "அன்பின் ஊற்றாய், அமைதியின் வடிவாய்." அமைதியாம்! இந்த மனுசன் எந்த வீட்டில் வளர்ந்தவர்?

1 செப்ரெம்பர்

இன்று ஞாயிறு. கொப்பியைத் தூக்கிக்கொண்டு மாமியிடம் போயிருந்தேன். அம்மாவோடு ஒன்றாக வன்னிக்கு வந்தவர்களில் மாமி மட்டும்தான் மிச்சம்.

அம்மா 1946 இல் தீவுப்பகுதியில் பிறந்தவர். அங்கே நல்ல தண்ணீருக்கு வெகுதூரம் நடக்க வேண்டும். ஐம்பதுகளில் இரணைமடுக் குளத்துக்குக் கீழே குடியேற்றத்தில் அம்மப்பாவுக்குக் காணி கிடைத்தது. மூன்று ஏக்கர் வயலும் ஒரு மேட்டுக்காணியும். லொறியில் வந்து இறங்கிய அன்று அம்மாவுக்கு ஒன்பது வயதாம். வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரைக் கண்டுவிட்டு, இது யாருடையது என்று கேட்டதாக மாமி சொன்னார். சுற்றிவரப் பாலையும் வீரையும் முதிரையும் நின்ற காடு. யானை, பாம்பு, குளிர்காய்ச்சல். வெட்டி, எரித்து, வேர் பிடுங்கித்தான் வயல் வந்தது. ஐந்தாம் வகுப்போடு அம்மாவின் படிப்பும் நின்றது.

1965 இல் கலியாணம். பிறகு வந்தது பிரதமர் சிறிமாவோவின் காலம், சிறிமா காலம். 1970 இல் ஆட்சிக்கு வந்த அரசாங்கம் வெளிநாட்டு மிளகாயையும் வெங்காயத்தையும் மறித்ததோடு வடக்கில் மிளகாய் போட்டவர்களுக்கு அடித்தது யோகம். கொழும்புச் சனம் பாணுக்கு வரிசையில் நின்ற அதே காலத்தில்தான் வன்னியில் கல்வீடுகள் எழும்பின. எங்கள் வீட்டின் முன் விறாந்தையும் அம்மாவின் அட்டியலும் மிளகாய்க் காசு. 1977 இல் கதவைத் திறந்துவிட்டார்கள், விலை விழுந்தது. அதன் பிறகும் அம்மா மிளகாயை விடவில்லை, செலவுக்காவது காணும் என்று போட்டுக்கொண்டே இருந்தார்.

எனக்கு நினைவு தெரிந்த மிளகாய்க் காலம் அதற்குப் பிந்தியது. முற்றம் முழுக்கப் பாயில் சிவப்பாகக் காயும். காம்பு கிள்ளிக் கிள்ளி அம்மாவின் விரல் நுனி எரியும். அந்த நாட்களில் எங்கள் முகத்தைத் தொடவே மாட்டார். தலைமயிர் கண்ணில் விழுந்தால் முழங்கையால் ஒதுக்கிவிடுவார். காய்ச்சல் காய்கிறதா என்று பார்க்கவும் முன்னங்கையின் பின்பக்கத்தைத்தான் நெற்றியில் வைப்பார். மிளகாய்க் காலம் முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. போன மாதம் எனக்குத் தடிமன் வந்தபோதும் அப்படித்தான் தொட்டுப் பார்த்தார்.

77 கலவரத்தோடு மலையகத்திலிருந்து சனம் வந்தபோது மேட்டுக்காணியின் பின்மூலையில் ஒரு குடும்பத்தைக் குடிசை போட விட்டவர் அம்மா. அப்பாவிடம் கேட்டாரா என்று மாமியைக் கேட்டேன். "கொப்பரிட்டையோ? அவருக்கு வேலி போட்ட பிறகுதான் தெரியும்" என்றார்.

5 செப்ரெம்பர்

பள்ளிக்கூடத்தில் இரண்டு பாடம் இடைவெளி கிடைத்தது. எழுதினேன், கிழித்தேன்.

அப்பா 1992 இல் மலேரியாவில் போனார். பொருளாதாரத் தடைக் காலம். மருந்தில்லை, மண்ணெண்ணெய் இல்லை. ஜாம் போத்தலில் பஞ்சு வைத்துக் கொளுத்துகிற சிக்கன விளக்கில்தான் நான் ஏ.எல். படித்தேன். இதை இரண்டு வரியில் முடித்துவிடலாம். அம்மாவும் அதைப் பற்றி அதிகம் கதைத்ததில்லை. முப்பத்தோராம் நாள் முடிய மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார், அவ்வளவுதான்.

96 இல் இராணுவத்தின் சத்ஜெய நடவடிக்கை. கிளிநொச்சி போக, நாங்கள் அக்கராயன் பக்கம் ஒரு பாலை மரத்தடிக்குப் போனோம். ஊருக்குத் திரும்பி, 2002 இல் ஏ9 வீதி திறந்து, கூரை மாற்றி, இனி இருக்கலாம் என்று நினைத்தோம்.

2009 தை. வட்டக்கச்சியை விட்டு வெளிக்கிட்டபோது உழவு மெசின் பெட்டியில் எதை ஏற்றுவது, எதை விடுவது என்று அம்மாதான் தீர்மானித்தார். தையல் மெசினை விடச் சொன்னார். அண்ணாவின் கலியாண அல்பத்தை விடச் சொன்னார். ஏற்றியது ஒரு மூட்டை மொட்டைக்கறுப்பன் விதைநெல். காணி பெர்மிற்றைச் சொப்பிங் பையில் சுற்றி, பாவாடை நாடாவோடு சேர்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை. ஒவ்வொரு இடத்திலும் சாமான் குறைந்தது. அந்த மூட்டை மட்டும் குறையவில்லை. பங்கருக்குள் நாங்கள் குனிந்திருக்க, அது வாசலில் மண்மூட்டைகளோடு மண்மூட்டையாகக் கிடந்தது.

இரணைப்பாலையில் ஒருநாள் காலை அம்மா தானே அதன் கட்டை அவிழ்த்தார். யாரும் கேட்கவில்லை, கேட்கத் துணிவுமில்லை. பக்கத்துத் தறப்பாளில் உரல் இரவல் வாங்கி நானும் அக்காவும் குத்தினோம். சுண்டால் அளந்து, மேலே விரலால் வழித்து, ஒரு நாளைக்கு இரண்டு சுண்டு. உப்புப் போட்ட கஞ்சி. அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கும் அதிலிருந்துதான். முதல் நாள் அம்மா குடிக்கவில்லை. "விதையைத் தின்னிற சாதியே நாங்கள்?" என்றார். அடுத்த நாள் குடித்தார். அது முடியமுன் மாத்தளனும் தாண்டிவிட்டோம். முள்ளிவாய்க்காலுக்கு வந்தபோது மூட்டை வெறும் சாக்கு. அதையும் மடித்து வைத்திருந்தார்.

வட்டுவாகல் பாலம் கடந்து, இடம்பெயர்ந்த சனத்தை அடைத்து வைத்த மெனிக் பாமில் இராமநாதன் முகாம். பெர்மிற் அப்போதும் இடுப்பில்தான். கடதாசி வியர்வையில் ஊறி மடிப்புகளில் கிழிந்திருந்தது. ஆனால் எழுத்துத் தெரிந்தது. 2010 இல் திரும்பி வந்து கூரையும் கதவு நிலையும் இல்லாத வீட்டுக்கு முன்னால் நின்றபோது, காணி எங்களது என்று காட்ட அதுதான் கையில் இருந்தது. அக்கம்பக்கத்தில் எத்தனையோ பேர் அந்தக் கடதாசிக்காகக் கந்தோர் கந்தோராக அலைந்தார்கள்.

இதையெல்லாம் இரண்டு பக்கத்துக்குள் எப்படி அடக்குவது? சிவபுராணத்தைச் சின்ன எழுத்தில் போடச் சொல்லிப் பார்க்கலாம். அம்மா கோபிப்பார்.

8 செப்ரெம்பர்

குடும்ப வட்ஸ்அப் குழுவில் இன்று சண்டை. பிள்ளைகளின் பெயர் வரிசையில் சின்னண்ணாவை எப்படிப் போடுவது? "காலஞ்சென்ற" என்று போடு, பதினைந்து வருசமாச்சு என்கிறார் பெரியண்ணா. அக்கா குரல்பதிவில் அழுகிறாள்.

வட்டுவாகல் தாண்டிய பிறகு சின்னண்ணாவைக் கண்டவர் ஒருவருமில்லை. 2017 மாசி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து, கால் வீங்கும் மட்டும் அம்மாவும் போய் இருந்தவர். மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவிப் பணம் வரும் என்று சொன்னவர்களுக்கு வெற்றிலை கூடக் கொடுக்காமல் அனுப்பியவர். அவருடைய நினைவு மலரிலேயே அவர் மகனை நாங்கள் சாகடிப்பதா?

அண்ணாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன், நாலு பெயரையும் ஒரே மாதிரிப் போடுகிறேன், முன்னால் ஒன்றுமில்லாமல். கனநேரம் பேசவில்லை. பிறகு "போடு" என்றார்.

12 செப்ரெம்பர்

தேர்தல் ஒலிபெருக்கி வாகனங்கள் காலையிலிருந்து மாறிமாறி ஓடுகின்றன. தலையிடி.

பின்வளவு அக்கா வந்திருந்தார், 77 இல் குடிசை போட்ட குடும்பத்தின் மகள். அம்மா தந்த நெல்லுக்கு ஒருநாளும் வட்டி வாங்கவில்லை என்று எழுதச் சொன்னார். வட்டிக்குப் பதிலாகக் களை பிடுங்கக் கூப்பிட்டு, தான் போதும் என்று சொல்லும் மட்டும் விடமாட்டார் என்பதையும் எழுதலாமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "அதையும் எழுதுங்கோ ரீச்சர்" என்றார்.

எழுதியிருக்கிறேன். என் அக்கா விரும்பிக் கலியாணம் செய்ததற்காக இரண்டு வருசம் அவளோடு கதைக்காமல் இருந்ததையும் எழுதினேன். அது நியாயமில்லை. அம்மாவுக்கே பிறகு தெரியும். ஆனால் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவரிடம் இல்லை. ஒருநாள் முதல் பஸ்ஸில் வவுனியாவுக்குப் போய், அக்காவின் குசினியில் இருந்து கத்தரிக்காய் வெட்டத் தொடங்கிவிட்டார்.

சிறுபோகக் கூட்டத்தையும் சேர்த்தேன். குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது என்பதால் எத்தனை ஏக்கர் விதைப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று முதலே கூட்டம் வைத்துத் தீர்மானிப்பார்கள். முன்வரிசைக் கதிரையில் அம்மா இருப்பார். கடைமடைக்குத் தண்ணீர் வரும் நாளை அதிகாரி வாயால் சொல்லும் மட்டும் எழும்பமாட்டார்.

18 செப்ரெம்பர்

நேற்று அந்தியேட்டி. விடியமுன் அண்ணா கீரிமலைக்குப் போய் வந்தார். மத்தியானம் பந்தி, நல்ல சனம். மலரைப் பந்தி முடியக் கொடுக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியும் பொடியள் முதலே கொடுத்துவிட்டார்கள். சாப்பாடு ஆற ஆறச் சனம் வாசித்தது.

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்க வாசித்தார். இடையில் நிறுத்தி, "மூண்டு பவுண் அட்டியலில்லை, நாலு" என்றார். கொழும்பிலிருந்து வந்த சித்தப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, செத்தவரைப் பற்றி இப்படியா எழுதுவது, நெல்லுக் கணக்கும் கோபமும் எதற்கு என்று கேட்டார். சித்தப்பாவின் முதல் கடைக்கு அம்மா விற்றுக் கொடுத்தது அந்த அட்டியலைத்தான். அதை நான் எழுதவில்லை. எழுதாததும் நல்லதுதான், இல்லாவிட்டால் பாயாசம் குடித்திருக்கமாட்டார்.

25 செப்ரெம்பர்

அண்ணா போய்விட்டார். வீட்டில் மூன்று சட்டி மிஞ்சிக் கிடக்கிறது, எந்த வீட்டுடையது என்று தெரியவில்லை.

பெர்மிற்றையும் மரணச் சான்றிதழையும் கொண்டு காணி விசயமாகக் கந்தோருக்குப் போனேன். அம்மா 2014 இலேயே பின்னுரித்துக்கு, தனக்குப் பிறகு காணிக்கு உரித்தாளியாக, என் பெயரைப் பதிந்து வைத்திருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை, ஒருவருக்கும் சொல்லவில்லை. மேசையில் இருந்தவர் கோவையைப் புரட்டிவிட்டு, "ஆம்பிளைப் பிள்ளையள் இல்லையோ?" என்று கேட்டார். பெயர் குறிக்காமல் விட்டால் மகன்மாருக்கே முதலிடம் என்றுதான் 1935 ஆம் ஆண்டுக் காணிச் சட்டம் கனகாலம் இருந்தது, 2022 இல்தான் திருத்தினார்கள். அம்மாவுக்குச் சட்டம் தெரியாது, ஆனால் இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்திருக்கிறது. "இருக்கினம்" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

இரவு அண்ணா எடுத்தார். வயலைக் குத்தகைக்குக் கொடு, உனக்குப் பள்ளிக்கூடத்தோடு ஏலாது என்றார். யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. உழவு மெசின்காரத் தம்பி பின்னேரமே வந்து கதைத்துவிட்டுப் போய்விட்டார். போன முறையை விட ஏக்கருக்குக் கூடக் கேட்கிறார். "அம்மா இருந்திருந்தா இந்த விலை சொல்லுவீரோ?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார், கொஞ்சம் குறைத்தார். இன்னும் குறைக்கலாம். காலபோகத்துக்கு மழைக்கு முதல் புழுதியில் எறிய வேண்டும். இரண்டு ஏக்கர் கமநல நிலைய விதை, ஒரு ஏக்கர் மொட்டைக்கறுப்பன். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.